சின்ன பட்ஜெட்டில் பெரிய டயர்

மாருதி சுஸுகி ஜிம்னியின் டயரில் 195/80 ஆர்15 என்று பொறித்திருக்கும். பெரிய டயர் பற்றிய கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ரிம்முக்கு மேலே சைடுவால் எவ்வளவு உயரம் என்பதை அந்த அகலத்தின் சதவீதமாகச் சொல்வது 80. இங்கே 156 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சைடுவால் மேலே ஒன்று, கீழே ஒன்று என 312 மி.மீ.; 15 அங்குல ரிம் 381 மி.மீ. இரண்டையும் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 693 மி.மீ. டயர் கடைக்குள் நுழையும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தவருக்கு, கடைக்காரர் காட்டும் டயர் வண்டியை எவ்வளவு உயர்த்தும், ஸ்பீடோமீட்டரை எவ்வளவு பிசக வைக்கும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்ட காலம் இது. 2020 அக்டோபரில் புதிய மஹிந்திரா தார் விற்பனைக்கு வந்தது. 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி. இரண்டிலும் கடன் தவணை கட்டி முடிக்கும் முன்பே டயர் ஆசை வந்துவிடுகிறது. படங்களில் பார்க்கும் வண்டிகள் எல்லாம் மட்கார்டை முட்டும் டயரோடு நிற்பதால், ஆசை நேராக உயரத்தில் போய் நிற்கிறது. கையில் பணம் அளவாக இருப்பவருக்கு உயரம் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் வாங்க வேண்டியவை தரையைப் பிடிக்கும் பொருத்தமான பட்டன், உறுதியான சைடுவால், காற்றை இறக்கி ஏற்றும் கருவிகள். இந்த மூன்றும் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ரிம்மிலேயே சாத்தியம்.

உயரம் தருவதும் எடுப்பதும்

சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஆக்சில் டயரோடுதான் நிற்கிறது. அதை உயர்த்துவது டயர் ஒன்றே. டயர் உயரம் கூடுவதில் பாதி மட்டுமே அங்கே போய்ச் சேரும். ஜிம்னியில் பலரும் ஆசைப்படும் 235/75 ஆர்15 டயரின் உயரம் 733.5 மி.மீ. ஒரிஜினல் டயரைவிட 40.5 மி.மீ. அதிகம். டிஃபரன்ஷியலுக்குக் கீழே கிடைப்பது 20 மி.மீ. பாறைகள் நிறைந்த பாதையில் 20 மி.மீ. அற்பமல்ல, அதே சமயம், அதற்குக் கொடுக்கும் விலை டயர் பில்லோடு முடிவதுமில்லை.

முதல் விலை இழுவை. டயர் உயரம் 5.8 சதவீதம் கூடினால், ஒவ்வொரு கியரும் அதே 5.8 சதவீதம் ‘நீளமாகி’விடும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது 134 நியூட்டன் மீட்டர் டார்க் மட்டுமே. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மலைப் பாதை வளைவில் இனி இரண்டாவது போட வேண்டிவரும். போதாததற்குப் பெரிய டயர் எடையும் கூடியது. சஸ்பென்ஷனுக்குக் கீழே சுழலும் எடை என்பதால், அதை உருட்டிவிடவும் சிரமம், பிரேக் போட்டு நிறுத்தவும் சிரமம். டீசல் தாரின் 300 நியூட்டன் மீட்டருக்கு இதே மாற்றம் அவ்வளவு உறைக்காது. ஒரே டயர் ஒரு வண்டிக்கு நல்லதாகவும் இன்னொன்றுக்குச் சுமையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். நண்பர் வண்டியைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

இரண்டாவது, ஸ்பீடோமீட்டர். அதே 235 டயரில் முள் 100-ஐக் காட்டும்போது, முன்பு வண்டி எந்த வேகத்தில் போனதோ அதைவிட 5.8 சதவீதம் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் ஸ்பீடோமீட்டரைச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைப்பது வழக்கம் என்பதால் ஒரிஜினல் டயரில் அந்தக் கூடுதல் ஒரு காப்பு. பெரிய டயர் அந்தக் காப்பைத் தின்றுவிடும். கிலோமீட்டர் கணக்கும் அப்படியே. மீட்டர் 1,000 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 1,058 கி.மீ. ஓடியிருக்கும். டயர் மாற்றியபின் மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்துபவர்கள் பலர் இந்தத் திருத்தத்தைச் செய்யாமலேயே கணக்குப் பார்க்கிறார்கள். மைலேஜ் குறைவது உண்மை. மீட்டரை நம்பிப் போட்ட கணக்கில் தெரியும் அளவுக்குக் குறைவதில்லை.

மூன்றாவது, உரசல். நேராக நிற்கும் வண்டியில் விரல் நுழையும் இடைவெளி இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, ஒரு பக்கச் சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். மட்கார்டின் உள் விளிம்பு, பம்பரின் கீழ் மூலை, சேஸிஸ் ஓரம் மூன்றும் உரசும் இடங்கள். அங்கே உரசினால் லிஃப்ட் கிட் வேண்டும் என்பார்கள். லிஃப்ட் போட்டால் முன் சக்கரத்தின் கேஸ்டர் கோணம் மாறி ஸ்டீயரிங் அலைபாயும். அதைச் சரிசெய்யத் தனி புஷ். ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு. நீளமான பிரேக் ஹோஸ். டயருக்கென்று எடுத்து வைத்த பணம் டயரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போய்விடுவது இந்த வழியில்தான்.

பட்ஜெட் பார்ப்பவருக்கு ஜிம்னியில் நல்ல பதில் ஒன்று உண்டு. 215/75 ஆர்15. உயரம் 703.5 மி.மீ.; கூடுவது 10.5 மி.மீ., 1.5 சதவீதம். டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஐந்து மி.மீ. சொச்சம். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் இந்த அளவு மஹிந்திரா பொலிரோவில் வருவது. கிராமத்து டயர் கடையிலும் இருக்கும். பாதி வழியில் ஒன்று கிழிந்தாலும் அடுத்த ஊரில் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒரிஜினல் ரிம்மிலேயே உட்காரும், எங்கும் உரசாது, கியரில் வித்தியாசம் தெரியாது.

ரிம்மில் விழும் பணம்

டயரைவிட ரிம்மில்தான் பணம் வீணாகிறது. பளபளக்கும் அலாய் ஐந்துக்குக் கொடுக்கும் தொகையில் நல்ல டயர்களின் பெரும்பகுதியை வாங்கிவிடலாம். எனவே முதல் கேள்வி, ரிம்மை மாற்ற வேண்டுமா என்பதே.

சில இடங்களில் மாற்றித்தான் ஆக வேண்டும். ஜிம்னியின் ஒரிஜினல் ரிம் 5.5 அங்குல அகலம். 215/75 டயருக்கு அது போதும். 235/75 டயருக்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். கடைகளில் 5.5 ரிம்மிலேயே 235-ஐ ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஏறவும் செய்யும். அப்போது சைடுவால் உள்ளே இழுபட்டு, டயர் நடுவில் குமிழ்ந்து, நடுப் பட்டன் மட்டும் தேயும். வளைவில் வண்டி ஆடும்.

ரிம் வாங்கும்போது நான்கு அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது, போல்ட் வட்டம் எனப்படும் பி.சி.டி.; ஜிம்னியில் ஐந்து போல்ட், 139.7 மி.மீ. இரண்டாவது, நடுத்துளை, 108 மி.மீ.; அது ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால் வண்டியின் பாரம் முழுவதும் போல்ட்டுகளில் விழும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்றாவது, ரிம்மின் சுமை தாங்கும் திறன். அது ரிம்மின் உட்புறத்தில் பொறித்திருக்கும். பொறிக்காத ரிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நான்காவது ஆஃப்செட்.

ஆஃப்செட் கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது. ஜிம்னியில் +5 மி.மீ. அதைக் குறைத்து மைனஸுக்குக் கொண்டுபோனால் சக்கரம் வெளியே தள்ளும். வண்டி அகலமாக, முரட்டுத்தனமாகத் தெரியும். கடைகளில் அதிகம் விற்பதும் அதுதான். வெளியே தள்ளிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோலாக அழுத்தும். குழியில் ஒரு சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் கையைப் பறிக்கும். சக்கரம் மட்கார்டைத் தாண்டுவதால் சேறும் கல்லும் கதவில் அடிக்கும். திரும்பும்போது டயர் பெரிய வட்டமடிப்பதால், உரசாமல் இருந்ததும் உரசத் தொடங்கும். ஒரிஜினலிலிருந்து 10, 15 மி.மீ. வித்தியாசத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. ரிம் வாங்காமலே சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர்கள் இந்தத் தீமைகள் எல்லாவற்றோடும், கழன்றுவிடும் அபாயத்தையும் சேர்த்துக் கொண்டுவருபவை. மலைப் பாதைக்குப் போகும் வண்டியில் அவற்றுக்கு இடமில்லை.

பெரிய ரிம் நல்ல ரிம் என்ற எண்ணமும் கரடுமுரடான பாதையில் தலைகீழ். தார் அதற்கு நல்ல பாடம். 2020-இல் வந்தபோது ஏ.எக்ஸ். வகைக்கு 245/75 ஆர்16 டயரும் இரும்பு ரிம்மும், விலை கூடிய எல்.எக்ஸ். வகைக்கு 255/65 ஆர்18 டயரும் அலாய் ரிம்மும் கொடுத்தார்கள். உயரத்தில் 18 அங்குல டயர் 789 மி.மீ., 16 அங்குல டயர் 774 மி.மீ. ஆனால் சைடுவால் உயரம் 18-இல் 166 மி.மீ.; 16-இல் 184 மி.மீ. பாறையில் மோதும்போது அடியை வாங்கிக்கொள்வதும், காற்றை இறக்கினால் பரந்து படிவதும் இந்த சைடுவால்தான். விலை குறைந்த வகையில் வந்த சக்கரமே காட்டுப் பாதைக்கு உகந்தது. 16 அங்குல டயர் பெரும்பாலும் 18-ஐவிட மலிவு. இரும்பு ரிம் அடிபட்டு நெளிந்தால் சம்மட்டியால் தட்டி ஊர் சேரலாம். அலாய் விரிசல் விட்டால் அங்கேயே முடிந்தது.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. 16 அங்குலத் தார் வைத்திருப்பவருக்குத் தோற்றத்துக்காக 18 அலாய் மேல் கண். கரடுமுரடான பாதைக்குப் போகும் எல்.எக்ஸ். உரிமையாளருக்கு 16 அங்குல இரும்பு ரிம் தேவை. இருவரும் கை மாற்றிக்கொண்டால் செலவு மிகக் குறைவு. 16 அங்குல ரிம்மில் உயரமும் வேண்டுமென்றால் 265/75 ஆர்16 இருக்கிறது, 804 மி.மீ. ஒரிஜினல் 16-ஐவிட 3.9 சதவீதம் கூடுதல், 18-ஐவிட வெறும் 1.9 சதவீதம். அந்த வண்டியின் எஞ்சின் பலத்துக்கு இது நியாயமான எல்லை.

ஜிம்னிக்கு ரிம் தேடுபவர்கள் பழைய ஜிப்சியை நினைப்பதுண்டு, அதன் பி.சி.டி.யும் 139.7 தான். ஆஃப்செட்டும் நடுத்துளையும் பிரேக் காலிப்பர் இடைவெளியும் பொருந்துகின்றனவா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுழற்றிப் பார்த்தபிறகே ஐந்தையும் வாங்க வேண்டும்.

எந்தப் பட்டன்?

ஊர்ச் சாலைக்கான டயர் எச்.டி., சாலையும் காடும் கலந்தது ஏ.டி., சேற்றுக்கென்றே வந்தது எம்.டி. ஜிம்னியில் தொழிற்சாலையிலிருந்து வருவது எச்.டி. டயர். தாரின் 18 அங்குலத்தில் வருவது ஏ.டி. ஆகவே ஒரே பணத்தில் ஜிம்னிக்காரருக்குக் கிடைக்கும் முன்னேற்றம் தார்க்காரருக்குக் கிடைக்கும் முன்னேற்றத்தைவிட மிகப் பெரியது. தார் உரிமையாளர் ஒரிஜினல் டயர் தேயும் வரை காத்திருப்பதே சிக்கனம்.

எம்.டி. டயரின் பெரிய பட்டன்களும் அகலமான இடைவெளிகளும் சேற்றை வாரி வெளியே எறியும். அந்த இடைவெளிகளே ஈரத் தார்ச் சாலையில் எதிரி. தரையில் படியும் ரப்பர் குறைவு என்பதால் மழையில் பிரேக் தூரம் நீளும். இரைச்சல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பேச்சை அமுக்கும். சீக்கிரம் தேயும். மாதம் முழுக்க நெடுஞ்சாலையிலும் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சேற்றிலும் ஓடும் வண்டிக்கு எம்.டி. என்பது பணத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு. ஏ.டி. வகை 1976-இல் பி.எஃப். குட்ரிச் கொண்டுவந்த ஆல் டெரெய்ன் டயரோடு சந்தையில் நிலைபெற்றது. இன்று அப்பல்லோ, சியட், எம்.ஆர்.எஃப். என உள்நாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இந்த வகை கிடைக்கிறது.

அகலம் பற்றிய மயக்கமும் தீர வேண்டும். உதிரி மணலில் அகலமான டயர் புதையாமல் மிதக்கும். ராஜஸ்தான் மணல்மேட்டில் அது உண்மை. மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதையில், குறுகலான டயர் சேற்றை வெட்டிக் கீழே இறங்கிப் பிடிமானம் தேடிக்கொள்ளும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் 6.00-16 என்ற ஆறங்குல அகல டயரில்தான் உலகைச் சுற்றியது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நாள்தோறும் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் கவனித்தால் தெரியும்: பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் அவை குறுகலான டயரோடு, லோ கியரில், நடை வேகத்தில் ஏறுகின்றன. ஓட்டுநர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் எந்தச் சக்கரத்தை எங்கே வைப்பது என்று அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. 111டி என்றிருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், மணிக்கு 190 கி.மீ. வரை பாதுகாப்பு. 100 என்றால் 800 கிலோ. 96 என்றால் 710. க்யூ என்றால் 160 கி.மீ., எஸ் என்றால் 180. ஒரிஜினல் டயரில் இருப்பதைவிடக் குறைந்த சுமை எண்ணை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது. அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அது இலகு லாரி வகை; சைடுவால் தடிமனாக, கல் வெட்டுக்குத் தாங்குவதாக இருக்கும். எடையும் கூடும். அதே சுமையைத் தாங்க அதற்குச் சாதாரண டயரைவிடச் சில பி.எஸ்.ஐ. அதிகக் காற்று வேண்டும் என்பதால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை அப்படியே பின்பற்றுவது சரியாகாது. ஜிம்னி போன்ற எடை குறைந்த வண்டிக்குப் பத்து பிளை எல்.டி. டயர் வீண் கனம்.

காற்று

மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் டயருக்குள் இருக்கிறது. சாலைக்காக நிரப்பிய காற்றோடு மணலில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும் வண்டி, 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியதும் தானாகவே வெளியே வருவதைப் பார்த்தவர்கள், பெரிய டயர் வாங்கும் யோசனையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவார்கள். காற்று குறையும்போது டயர் அகலத்தில் சற்றும் நீளத்தில் நிறையவும் பரவுகிறது. தரையில் படியும் பரப்பு நீண்டு, கூடுதல் பட்டன்கள் வேலைக்கு வருகின்றன. கல்லின் மேல் டயர் தாவாமல் அதன் வடிவத்துக்கு வளைந்து பிடிக்கிறது.

உதிரி மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ., கல் பாதைக்கு 20-ஐ ஒட்டி என்று தொடங்கலாம். 15-க்குக் கீழே போனால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் வாய்ப்பு உண்டு. காற்று இறக்கிய வண்டியில் வேகமும் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. தார்ச் சாலை வந்ததும் முதல் வேலை காற்றடிப்பது. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடும் டயரின் சைடுவால் சூடேறி உள்ளேயே பிய்ந்துவிடும். இதற்கு வேண்டியது நம்பகமான ஒரு பிரஷர் கேஜும், பேட்டரியில் மாட்டும் ஒரு கம்ப்ரசரும். பட்ஜெட்டில் டயருக்கு முன்னால் எழுத வேண்டிய வரி இது. பஞ்சர் கடை இல்லாத காட்டில் சிறு ஓட்டைக்குத் திரி செருகும் கிட்டும் இதோடு சேரும்.

நான்கல்ல, ஐந்து

விலை கேட்கும்போது நான்கு டயருக்குக் கேட்பதுதான் பொதுவான பிழை. ஃபோர் வீல் போட்டிருக்கும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். ஒரு டயர் மட்டும் உயரம் குறைந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஸ்டெப்னியும் அதே அளவாக வேண்டும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கூடினால் கதவுக் கீலும் தளரும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே பணம் இடித்தால், 215/75 போன்ற சிறிய மாற்றம் ஒரு சலுகை தரும். பழைய 195/80 டயரைச் சில காலம் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். பஞ்சரானால் அதை முன் சக்கரத்தில் மாட்டி, டூ வீல் டிரைவில் மட்டும் ஓட்டி ஊர் வர வேண்டும். பின் சக்கரம் பஞ்சரானால் முன்னால் இருக்கும் நல்ல டயரைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, பழையதை முன்னால் போட வேண்டும். வண்டியை இழுப்பது பின் ஆக்சில் என்பதால். பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கிங் உள்ள தார் வகைகளிலும் இதே விதி.

புது டயர் வாங்குவதில் சில தகவல்கள் உதவும். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் பட்டியலுக்கு மாற்றியது. வெளிநாட்டு டயர்கள் அருகி, விலை ஏறியது அதன் பிறகுதான். இறக்குமதி டயருக்குக் கூடுதல் பணம் கொடுத்தும் அது வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே பெரிய டயர் ஆலைகள் இருக்கும்போது, தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு உள்நாட்டு டயரே புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதையும் பில்லில் சரிபார்க்க வேண்டும். தயாரித்த தேதி சைடுவாலில் நான்கு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

அடுத்த வழி, கழற்றிய புது டயர்கள். ஷோரூமிலிருந்து வண்டி எடுத்த கையோடு டயரும் ரிம்மும் மாற்றுபவர்கள் உண்டு. சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடிய அந்த ஐந்து சக்கரங்களும் டயர் கடைகளின் மூலையில் கிடக்கும். விலை குறைந்த வகைத் தார் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

பல ஆண்டுகள் ஓடிய பழைய டயர் வேறு சங்கதி. அதை ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லி வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே பட்டன் ஆழமாக இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது. கையை உள்ளே விட்டு சைடுவாலைச் சுற்றிலும் தடவினால், மடிந்து ஓடிய டயரில் சொரசொரப்பான வளையமும் ரப்பர் தூளும் கையில் படும். உள்ளே ஒட்டுப் போட்ட தடம் நடுப் பகுதியில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை; தோள் பகுதியிலோ சைடுவாலிலோ இருந்தால் தள்ளிவிட வேண்டும். பட்டனின் அடிப்பகுதியை விரலால் அகட்டிப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ரப்பர் காய்ந்ததன் அடையாளம் அது. சைடுவாலில் சிறு புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக, தேய்மானம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

ரீபட்டன் டயர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நன்றாகவே உழைக்கிறது. அங்கே டயரின் உடலே அதற்காகச் செய்யப்பட்டது. ஃபோர் வீல் வண்டியின் பழைய ரேடியல் டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டினாலும் சைடுவாலின் வயது அப்படியேதான் இருக்கும். கல் வெட்டுவதோ அந்த சைடுவாலைத்தான்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தயாரிப்பாளர் அதே மாடலின் வேறொரு வகைக்கு நிர்ணயித்திருக்கும் அளவுக்கு மாறுவது இதில் ஆகப் பாதுகாப்பான வழி. தாரில் 16, 18 இரண்டும் நிறுவனமே கொடுத்தவை. ஜிம்னிக்கு அப்படி இரண்டாவது அளவு இல்லாததால், அங்கே எச்.டி.யிலிருந்து ஏ.டி.க்கு மாறுவது வரை சிக்கலில்லை. அளவு மாற மாற கேள்வி எழும். சைலன்ஸர் போல டயரை ஒவ்வொரு சோதனையிலும் கவனிக்கமாட்டார்கள் என்ற தைரியம், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் அளவுநாடாவோடு வந்து நிற்கும்போது உதவாது. மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல டயர் கிடைத்துவிட்டது என்பதற்காக வனத்துறைப் பாதைகளில் அனுமதியின்றி நுழைவதும், ஆமைகள் முட்டையிடும் கடற்கரை மணலில் வண்டியை இறக்குவதும் கூடாது. அங்கே சேதமாவது ஓட்டுபவரின் பணம் அல்ல.

மாட்டிய பிறகு

ஐந்து சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்து, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். அலாய்க்கு மாறியிருந்தால் அதற்குரிய நட் தனி; இரும்பு ரிம்மின் பழைய நட்டுகளை அப்படியே போட்டால் சரியாகப் படியாமல் கழலும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பானரால் திரும்ப இறுக்க வேண்டும். பஞ்சர் கடையின் காற்றுத் துப்பாக்கி அளவில்லாமல் இறுக்கி போல்ட்டை இழுத்துவிடும். புது டயரின் முதல் சில நூறு கிலோமீட்டர், குறிப்பாக மழையில், நிதானமாக ஓட்ட வேண்டும்; வார்ப்பின் வழவழப்பு போன பிறகுதான் ரப்பர் முழுதாகப் பிடிக்கும். ஜி.பி.எஸ். வேகத்தோடு ஸ்பீடோமீட்டரை ஒருமுறை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றிவந்தால் தேய்மானம் சமமாகும். ஸ்டெப்னியும் வெயிலில் காய்ந்து வீணாகாது. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஏ.டி. டயர் அதற்கு வெகு முன்பே, 4 மி.மீ.யை நெருங்கும்போதே, ஈரமண்ணில் பிடிமானம் இழக்கத் தொடங்கிவிடும். காட்டுப் பாதைக்குப் போகும் வண்டிக்கு அடுத்த ஐந்து டயருக்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்க வேண்டியது அப்போதுதான்.